சென்சாருக்குப் பொட்டு வைத்த விவரம்

உத்திரமேரூர் வட்டம்,
புரட்டாசி, வெள்ளிக்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் தினகரன் அவர்களுக்கு, உங்கள் தங்கை சிட்டம்மாளின் வீட்டுக்காரன் ராஜாராம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

இங்கே நானும் உங்கள் தங்கையும் இரண்டு மாடுகளும் போர்வெல் மோட்டாரும் நலம். அங்கே நீங்களும் அக்காவும் அம்பத்தூர் லேத் பட்டறையும் நலமாக இருந்து, உங்கள் சர்க்கரையும் சொன்ன பேச்சு கேட்க பெருமாளை வேண்டுகிறேன். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்ததுமே, "மிஷின் ஓடுது, அப்பால பேசறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். கடுதாசியை அப்படி வைக்க முடியாது. உட்கார்ந்து முழுசாகப் படியுங்கள், ஏனென்றால் இது உங்களுக்கு நான் தரவேண்டிய பதில்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஏனாத்தூர் பக்கம் ஒரு கல்யாணப் பந்தியில், நூறு பேருக்கு நடுவே, நீங்கள் என் மகள் சுகிர்தாவைப் பார்த்து, "கண்ணுக்கே தெரியாத சாமானைச் செஞ்சி யாருக்கு இன்னா பிரயோசனம்? என் லேத்துல ஒரு நட்டு கடைஞ்சாலும் கைல எட்த்துக் காட்டலாம்" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நான் பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். சுகிர்தா மட்டும், "மாமா சொல்றது நியாயந்தானே நைனா, காட்ட முடியணும்" என்று சொல்லிவிட்டு இன்னொரு வடை வாங்கிக்கொண்டாள். அவள் குணமே அது.

அவள் மெக்கானிக்கல் சேர்ந்தபோது வகுப்பில் இரண்டே பெண்கள். இப்போது அவள் பேராசிரியர். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னக் கருவி செய்கிற அந்த வேலைக்கு மைக்ரோசிஸ்டம்ஸ் என்று பேர். பதினோரு பேர் அவளிடம் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார்கள், மூன்று பேடண்ட், ஜப்பானுக்கு நாலு தடவை. அங்கே நீங்கள் நினைக்கிற மாதிரி அறுக்கிறதும் கிடையாது, கடைகிறதும் கிடையாது. வெளிச்சத்தாலே கோடு போட்டு, வேண்டாத இடத்தை மருந்து விட்டு அரிக்க விடுகிறார்கள். போன வருஷம் என்னை அவள் லேபுக்குள் கூட்டிப் போனாள். தலையிலிருந்து கால் வரைக்கும் வெள்ளைச் சட்டை, குல்லாய், முகமூடி, இரண்டு கைக்கும் உறை. நெற்றியில் இருந்த நாமத்தைக்கூடத் துடைக்கச் சொல்லிவிட்டார்கள். உள்ளே ஒரு தூசி விழுந்தால் மூணு மாச வேலை போச்சாம். கண்ணாடி வழியாக அவள் என்னமோ கையைக் காட்ட, பெரிய பெரிய பசங்கள் எல்லாம் எஸ் மேடம், எஸ் மேடம் என்று ஓடுகிறார்கள். நான் காதுவரைக்கும் வாயை விரித்துச் சிரித்துக்கொண்டு நின்றேன். முகமூடி இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மூணு வருஷம் பாடுபட்டு அவள் ஒரு சென்சார் செய்திருக்கிறாள். பாதி உளுத்தம்பருப்பு அளவு. அதற்குள்ளே தலைமயிரை விட மெல்லிசான ஒரு தகடு. அதை போர்வெல் மோட்டாரில் மாட்டிவிட்டால், தண்ணீர் குறைந்து மோட்டாருக்குள் சுற்றியிருக்கிற காயில் கம்பி எரிவதற்கு முன்னாலேயே போனுக்குச் சொல்லிவிடும். ஏழு செய்ததில் ஆறு லேபிலேயே போய்விட்டது, உயிரோடு இருந்தது ஒன்றே ஒன்று. ஆயுத பூஜை கழிந்த திங்கட்கிழமை டெல்லியிலிருந்து கமிட்டி வந்து அதைப் பார்ப்பதாக இருந்தது. ஓடினால் அவளுக்குத் தனியாக ஒரு பெரிய லேப், இல்லாவிட்டால் மூணு வருஷமும் தண்ணீரில் போட்ட உப்பு. அதற்குள் நம்ம கொல்லை மோட்டாரில் ஒரு தடவை மாட்டிப் பார்க்கலாம் என்று ஆயுத பூஜை லீவுக்கு அதை ஒரு சின்ன டப்பாவில் கொண்டுவந்து ஃப்ரிட்ஜ் மேலே வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

மச்சான், நம்ம வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? டிராக்டர், மோட்டார், மருந்தடிக்கிற மிஷின், கதிரறுவாள், உங்கள் தங்கையின் மிக்சி, ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தேன். பூ கட்டுகிற ஊசிக்குக்கூட வைத்தாயிற்று. டப்பா கண்ணில் பட்டது. உலகத்திலே யாரும் செய்யாத ஆயுதத்தை என் மகள் செய்திருக்கிறாள், அதுக்கு மட்டும் பூஜை இல்லையென்றால் என்ன நியாயம்? நானும் மூளையில்லாதவன் இல்லை. விரலால் தொடக்கூடாது என்று தெரியும். டப்பாவைத் திறந்து, நெருப்புக்குச்சி முனையில் சந்தனத்தைத் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு சென்சார் மேலேயே வைத்து, அதன் மேலே ஒரு சிட்டிகை குங்குமம். தூசி ஆகாது என்று சொன்னார்களே என்று கேட்பீர்கள். தூசி வேறே, குங்குமம் வேறே என்றுதான் அப்போது என் மனசுக்குப் பட்டது.

ஈரத் தலையோடு வந்தவள் டப்பாவைப் பார்த்தாள். "இன்னா நைனா இது?" என்றாள். அவ்வளவுதான். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கத்தியிருந்தாலாவது பரவாயில்லை. அதையும் சேர்த்து உங்கள் தங்கை கத்தினாள். "யோவ், ஒனக்கு புத்தி கீதா? மூணு வருசமா அவ கண்ணு பூத்துப்போயி செஞ்சிக்கினு கீறா, நீ அதுக்கு பொட்டு வெச்சி பூவும் வெச்சிருப்பியே!" பூ வைக்க இடமில்லை, இல்லாவிட்டால் வைத்திருப்பேன் என்று நான் சொல்லவில்லை. அன்றைக்குப் பொரிகடலை ஒருவருக்கும் இறங்கவில்லை. சாயங்காலமே சுகிர்தா டப்பாவை எடுத்துக்கொண்டு சென்னைக்குக் கிளம்பிவிட்டாள். பஸ் ஏறும்போது, "நீ சாப்டு நைனா, நான் பாத்துக்கறேன்" என்றாள். நான் நாலு நாள் சோற்றில் கை வைத்ததோடு சரி.

திங்கட்கிழமை மதியம் போன் வந்தது. "நைனா, லேப் சாங்ஷன் ஆயிடுச்சி. நீ வெச்ச குங்குமத்தோடவே ஓடிச்சி. கொல்லைல மாட்டற சாமான் புழுதிய தாங்கணும்ல, அத நீயே டெஸ்ட் பண்ணிட்டன்னு கமிட்டில சொன்னாங்க." எப்படி இருக்கிறது மச்சான்! நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேரே உத்திரமேரூர் பஜாருக்குப் போய், மோட்டார் காயில் கட்டுகிற கிதர் முகம்மது பாயிடம் முதலில் சொன்னேன். "அப்போ மோட்டார் எரியாதா? நான் கடைய மூட்டிக்கினு போவவா?" என்று பேஜாரானவர், அடுத்த நிமிஷமே எனக்கு டீ சொன்னார். ஊர் முகப்பில் ஃபிளெக்ஸ் வைத்தாகிவிட்டது. குங்குமம் தாங்கிய கருவி கண்ட எங்கள் மண்ணின் மகளே என்று போட்டு, ஓரத்தில் என் படமும் இருக்கிறது. ஆராய்ச்சியில் என் பங்கும் இருக்கிறதல்லவா. இப்போது சொல்லுங்கள், காட்ட முடிந்ததா இல்லையா?

அக்காவுக்கு என் வணக்கம். பேரப் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல், அவர்கள் அத்தை மாதிரி படித்து, நூறு வயசு இருக்கட்டும். லேத்துக்கு நீங்களும் பூஜை போட்டிருப்பீர்கள், அது என்றைக்கும் நிற்காமல் ஓடட்டும்.

இப்படிக்கு,
பேராசிரியர் சுகிர்தாவின் தகப்பன்,
ரா. ராஜாராம்.

பி.கு.: ஒட்டின கவரைப் பிரித்து எழுதுகிறேன். சுகிர்தாவோடு வேலை பார்க்கிற மலர்க்கொடி மேடம் இப்பத்தான் எனக்கு வாழ்த்து சொல்ல போன் பண்ணாங்க. எனக்கு எல்லாம் தெரியும்னு நினைச்சிக்கினு பேசிட்டாங்க. அந்த சென்சார் ஆயுத பூஜை அன்னிக்கே செத்துப்போச்சாம் மச்சான். ஓடவே இல்லையாம். சுகிர்தா அதைக் குங்குமத்தோட கமிட்டி மேஜை மேலே வெச்சி, "இது வேலை செய்யாது, என் கவனக்குறைவு, திரும்பச் செய்ய நாலு மாசம் ஆகும், மூணு வருஷ ரீடிங் இதோ இருக்கு" என்று சொன்னாளாம். எங்க நைனா செஞ்ச வேலைன்னு ஒரு வார்த்தை வரலையாம். கமிட்டித் தலைவர் எல்லா ரீடிங்கையும் புரட்டிப் பார்த்துட்டு, செத்ததைச் செத்ததுன்னு சொல்றவங்களை நம்பி எவ்வளவு பெரிய லேப் வேணும்னாலும் குடுக்கலாம்னு கையெழுத்துப் போட்டாராம். டெல்லிக்காரங்க முன்னாலே ஒரு பொய் சொல்லாதவ, எனக்கு சோறு இறங்கணும்னு என்கிட்ட மட்டும் அவ்ளோ பெரிய பொய்யா சொல்லியிருக்கா. எனக்குத் தெரியும்னு நான் காட்டிக்கப் போறதில்லை. ஃபிளெக்ஸும் அப்படியே இருக்கட்டும். மேலே நான் எழுதினதை நீங்க நாலு பேருக்குப் படிச்சிக் காட்டுங்க, இந்த பி.கு.வை மட்டும் கிழிச்சிடுங்க. கிழிக்கறதுக்கு முன்னே அக்காவுக்கு ஒரு தடவை சத்தமா படிச்சிடுங்க.