மாமாவைக் கொன்ற டிக்கெட்

ஸாங்கா சிலுவே தன் சொந்தத் தாய்மாமாவைக் கொன்றுவிடுவது என்று முடிவுக்கு வந்தது ஒரு புதன்கிழமை காலை, பல் தேய்க்கும்போது. கத்தி கித்தி எல்லாம் கிடையாது. வாயாலேயே கொல்வதாக உத்தேசம்.

எல்லாம் அந்த ஒற்றை டிக்கெட்டால் வந்த வினை. ஆப்பிரிக்கக் கால்பந்துக் கோப்பை அவர்கள் நாட்டிலேயே நடக்கிறது. இறுதி ஆட்டம் அவர்கள் குடியிருக்கும் அபிஜான் நகரில். 'யானைகள்' என்று செல்லப்பேர் கொண்ட அவர்கள் நாட்டு அணி இறுதிவரை வந்தே விட்டது. டிக்கெட்டை போனில்தான் வாங்க வேண்டும். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது ஸாங்காவின் தொழில். போனை ஸ்டியரிங் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு ஆறு மணி நேரம் காத்திருந்தார். "உங்களுக்கு முன்னால் 41,212 பேர்" என்றது போன். அந்த ஆறு மணி நேரத்தில் அவருடைய மாணவர்கள் ஒரு வாழைப்பழ வண்டியையும் ஒரு மின்கம்பத்தையும் முட்டினார்கள். ஸாங்கா தலை நிமிரவில்லை. கடைசியில் அவர் முறை வந்தபோது மிச்சம் இருந்தது ஒரே ஒரு இடம். அமுக்கிவிட்டார்.

அமுக்கிய பிறகுதான் ஒடெத் ஞாபகம் வந்தது.

ஒடெத் அவர் மனைவி. பள்ளிக்கூட நாளில் வலது ஓரம் ஆடியவள். டிவியில் ஆட்டம் நடக்கும்போது நடுவர் ஊதுவதற்கு முன்பே "ஆஃப்சைடு!" என்று கத்துவாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஸாங்கா கத்துவார். கல்யாணத்தன்று மாமியார் வீட்டுக் கூட்டம் மொத்தமும் கேட்க, "கோப்பை நம்ம நாட்டுக்கு வந்தா, இறுதி ஆட்டத்துக்கு உன்னை மைதானத்துல கொண்டுபோய் உக்கார வைக்கிறேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். அப்போது கோப்பை வருவதாகப் பேச்சே இல்லை. வாயால் கொடுப்பதற்கு என்ன கஞ்சத்தனம்? எல்லாரும் சிரித்தார்கள். ஒடெத் மட்டும் சிரிக்கவில்லை.

"டிக்கெட் என்ன ஆச்சு?" என்றாள் அன்றைக்கு.

"எங்க கிடைக்குது! எல்லாம் போயிடுச்சாம்."

"ஒண்ணுகூடவா?"

"அரை டிக்கெட்கூட இல்லம்மா."

"உங்க முகம் டிக்கெட் கிடைக்காத முகம் மாதிரி இல்லையே?"

"துக்கம் ஜாஸ்தியானா எனக்கு இப்படித்தான்."

டிக்கெட்டைக் காகிதத்தில் அச்செடுத்து நாலாக மடித்து எங்கே ஒளிப்பது? யோசித்தார். பெட்டியின் அடியில் ஒரு அங்கி கிடந்தது. சாவுக்கு மட்டும் போடுகிற அங்கி, வடக்கே ஒரு பகல் தூரத்தில் இருக்கும் அவர் சொந்த ஊர் கோரோகோவில் நெய்தது. குடும்பத்தில் மூன்று வருஷமாக ஒரு சாவு இல்லை. யார் அதைத் தொடப்போகிறார்கள்? அதன் பையில் செருகினார். தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார்.

அப்புறம்தான் வெளியே போகக் காரணம் வேண்டுமே என்று மாமாவைக் கொன்றார். சனிக்கிழமை கிளம்பி, மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நண்பன் வீட்டில் தங்கி, ஞாயிறு ஆட்டம் பார்ப்பதாகத் திட்டம்.

"ஒடெத்! கோரோகோவுல மாமா போயிட்டாரும்மா!" என்று தொடையைக் கிள்ளிக்கொண்டு அழுதார்.

ஒடெத் "ஐயோ!" என்று உட்கார்ந்துவிட்டாள். நன்றாகவே அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அடக்கம் எப்போ?" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை."

"பைனல் அன்னிக்கா?"

"பாவம், அவருக்கு என்ன தெரியும்? பந்தே பாக்காத மனுஷன். நான் மட்டும் போயிட்டு ஓடி வந்துடறேன்."

"நீங்க மட்டுமா? நல்லாயிருக்கே கதை! ஒரு செனூஃபோ செத்து யக்கூபா ஜனங்க நாங்க போகலேன்னா ஊரு காறித் துப்பாதா?"

அவசரத்தில் ஸாங்கா இதை மறந்தே போனார். அவர் செனூஃபோ. அவள் யக்கூபா. இரண்டு ஜனத்துக்கும் பரம்பரையாகக் கேலி முறை. நம்மூர் மாமன் மச்சான் கேலியெல்லாம் இதன் முன்னால் பால்குடிப் பிள்ளை. இவர்கள் அவர்களை "அடிமை" என்பார்கள், அவர்கள் இவர்களை "அடிமை" என்பார்கள். ஒரு பக்கம் சாவு விழுந்தால் மறுபக்கத்தார் கந்தல் கட்டிக்கொண்டு மேளத்தோடு வந்து, வாசலில் குறுக்கே படுத்து, கேட்டதைக் கொடுத்தால்தான் பிணத்தை எடுக்க விடுவார்கள். சாவு வீட்டில் எதையும் எடுத்துக்கொள்ளலாம். யாரும் கோபப்படக் கூடாது. ஒடெத்துக்கு ஆறு அண்ணன்கள். செனூஃபோ ஒருத்தன் எப்போது சாவான் என்று ஆறு பேரும் மூன்று வருஷமாகக் காத்துக் கிடந்தார்கள்.

"அங்கியைத் துவைச்சு இஸ்திரி போடறேன்" என்று ஒடெத் பெட்டியைத் திறந்தாள்.

"வேணாம்! நானே துவைச்சுக்கறேன்!"

"துக்கத்துல இருக்கறவர் துணி துவைக்கலாமா? போய் ரெண்டு பேருக்குக் கார் ஓட்டக் கத்துக்குடுங்க, மனசு ஆறும்."

அன்று ஸாங்கா கற்றுக்கொடுத்ததை மாணவர்களிடம்தான் கேட்க வேண்டும். சாயங்காலம் பறந்து வந்தால், அங்கி மொடமொடவென்று ஆணியில் தொங்கியது. பையைத் தடவினார். நாலாக மடித்த காகிதம்! உயிர் வந்தது.

"பையில ஏதோ காயிதம் இருந்துச்சுங்க. நனையப் போகுதேன்னு எடுத்து வெச்சு, திரும்ப உள்ளேயே வெச்சுட்டேன். என்னது அது?"

"அது... கார் இன்சூரன்ஸு."

"நான் பிரிச்சுக்கூடப் பாக்கல."

எப்பேர்ப்பட்ட பெண்டாட்டி என்று ஸாங்காவுக்குக் கண் கலங்கியது.

சனிக்கிழமை விடிந்ததும் வாசலில் வேன் ஹாரன். ஆறு மச்சான்கள், இரண்டு மேளம். "ஏறுடா அடிமை!" என்றான் மூத்தவன் தியா.

"நீங்க முன்னாடி போங்க மச்சான், நான் பின்னாலேயே வரேன்."

"துக்கத்துல இருக்கறவனைத் தனியா விடுவோமா?" என்று இருப்பதிலேயே குண்டான இரண்டு பேருக்கு நடுவில் அவரைச் செருகினார்கள். ஒடெத் வரவில்லை. அவளுக்கு முட்டி வலியாம். வாசலில் நின்று கண்ணைத் துடைத்தபடி கையாட்டினாள்.

வழியில் தூமோதி என்கிற ஊரில் வண்டி நின்றது. ஒன்றுக்குப் போகிற சாக்கில் ஓடிவிடலாம் என்று பார்த்தார். தியா கூடவே வந்து பக்கத்தில் நின்றான். அடுத்த ஊரான பூவாக்கேயில் போனைக் காதில் வைத்து, "என்னது! மாமா எழுந்து உக்காந்துட்டாரா? வண்டியைத் திருப்புங்க மச்சான்!" என்று கூவினார்.

"செத்தவர் எழுந்துட்டாரா? அப்போ கட்டாயம் பாக்கணுமே!" என்றான் தியா. வண்டி இன்னும் வேகமாகப் போனது.

பொழுது சாயும்போது கோரோகோ. மாமரத்தடியில் மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்து கோழிக்கால் கடித்துக்கொண்டிருந்தார்.

"வாடா மருமகனே! என் சாவுக்கு இவ்வளவு தாமதமாவா வர்றது?"

மச்சான்களில் ஒருத்தன்கூட ஆச்சரியப்படவில்லை. வேனிலிருந்து குதித்து வாசலில் வரிசையாகக் குறுக்கே படுத்தார்கள். "ஆடு வெட்டினாத்தான் எழுந்திருப்போம்!"

"மாமா, உங்களுக்கு எப்படி..."

"புதன்கிழமையே உம் பொண்டாட்டி துக்கம் கேக்க போன் பண்ணா. எடுத்தது நான். 'மாமா எப்படிச் செத்தாரு?'ன்னு விக்கி விக்கி அழுதா பாரு, எனக்கே நெஞ்சை அடைச்சுது. அப்புறம் ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் சிரிச்சோம். ஆட்டை வெட்டச் சொல்லுடா, உன் செலவு!"

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் ஸாங்காவுக்குள் ஒரு மூலையில் நம்பிக்கை. ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தால் விடியும்போது அபிஜான். டிக்கெட்தான் பத்திரமாக இருக்கிறதே! மரத்தின் பின்னால் ஒதுங்கி, போட்டிருந்த அங்கியின் பையிலிருந்த காகிதத்தைப் பிரித்தார்.

ஒடெத்தின் கையெழுத்து.

"அடிமைக்கு, செனூஃபோ வீட்டில் சாவு விழுந்தால் யக்கூபா எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நான் ஒன்றே ஒன்றுதான் எடுத்துக்கொண்டேன். கோபப்படக் கூடாது, முறை. கல்யாணத்தில் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியதற்கு நன்றி."

ஞாயிறு மாலை மாமா வீட்டு முற்றத்தில் டிவி போட்டார்கள். ஆறு மச்சான்களும் அவர் செலவில் வெட்டிய ஆட்டை மென்றபடி பார்த்தார்கள். ஒரு தடவை நடுவர் ஊதுவதற்கு முன்பே ஸாங்கா "ஆஃப்சைடு!" என்று கத்தினார். ஊதவே இல்லை. கோல். பார்த்துக் கத்த ஒடெத்தின் முகம் பக்கத்தில் இல்லாமல் ஆட்டமே பிடிபடவில்லை. பாவி மனுஷன், இன்னொரு டிக்கெட்டுக்கு எங்கேயாவது முயற்சி பண்ணியிருக்கக் கூடாதா என்று முதல் தடவையாக நினைத்தார்.

இடைவேளையில் போன் அடித்தது. அறுபதாயிரம் பேர் இரைச்சலுக்கு நடுவில் ஒடெத்.

"என்னங்க! கேக்குதா?"

"கேக்குதும்மா," என்றார். "சந்தோஷமா இருக்கியா?"

"இருக்கேன், இருக்கேன்! ஆனா இடம் ரொம்ப ஓரமா எடுத்திருக்கீங்க. அடுத்த தடவை மாமாவைக் கொல்றப்போ நடுவுல பாத்து வாங்குங்க."