நீலப்படையும் நீலப்படையும்

அன்புள்ள மாமாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே, எனக்குப் பாதகமாக இருந்தாலும் மறைக்காமல் எழுதுகிறேன். எல்லோரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. அதிலேயே பொய் வந்துவிடும் என்பதால் விட்டுவிட்டேன்.

பல் டாக்டர் ஒருவர் அப்பாவிடம் ஆற்றுப்பாலச் சண்டையைச் சதுரங்கக் காய்களாகச் செய்து தரச் சொன்னார். நீங்கள் பிறந்தநாளுக்குத் தந்த போர் வரலாற்றை அப்பாவின் வண்ண மேசையில் வைத்து நான்தான் வாசித்துச் சொன்னேன். இரு படைகளுக்கும் நீலச் சட்டையாம், ஒரு படை மட்டும் தொப்பியில் ஓர் இலை செருகியிருந்ததாம். ஒரு பக்கம் சிவப்பு அடித்தால் செத்தவர்கள் வந்து சண்டைக்கு நிற்பார்களா என்று அம்மா கேட்டார். அப்பா என்னைக் காட்டி, "இவ படிச்சுச் சொன்னா தப்பா இருக்காது" என்று முப்பத்திரண்டு பேருக்கும் நீலமே அடித்தார். மூன்று மாத வேலை மாமா. இலை அரை அரிசி அளவுதான்.

இன்று மாலை டாக்டர் மனைவியோடு வந்து பட்டறையிலேயே ஆடிப்பார்த்தார், நாலாவது நகர்த்தலில் தன் குதிரையால் தன் மந்திரியையே வெட்டினார், எதிரே ஆடிய அந்த அம்மாள் அதைப் பார்த்தும் தன் அடுத்த காயை நகர்த்தினார், பிறகு அவர் பல் பார்க்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு இலை தேடினார், தேடி முடிப்பதற்குள் ராஜா போய்விட்டார். "என் ஆளு யாருன்னே தெரியலையே" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை வாங்காமலே கிளம்பிவிட்டார். அப்பா தூரிகைகளைக் கழுவிக் கட்டி வைத்துவிட்டார். நாளை முதல் வண்டிகளுக்கு நம்பர் எழுதப் போகிறாராம். அம்மா அழவில்லை, பாத்திரங்களை மட்டும் சத்தமாகக் கழுவினார்.

ஆகவே நீங்கள் உடனே வந்து, அந்தப் புத்தகத்தை டாக்டரிடம் காட்டி, உண்மை எங்கள் பக்கம் என்று பேச வேண்டும். அத்தைக்கு வணக்கம். பாப்பா இன்னும் காகிதம் தின்றால் நல்ல புத்தகங்களை மேலே வையுங்கள்.

உங்கள் மருமகள்

பின்குறிப்பு: வர வேண்டாம் மாமா. பக்க எண்ணைக் குறித்து அனுப்பலாமென்று புத்தகத்தைத் திறந்தேன். எண்பத்தைந்துக்கு அடுத்து எண்பத்தெட்டு இருந்தது. இரண்டு தாள்கள் நீல வண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்துப் பார்த்தேன். இலை செருகியவர்கள் வேறொரு சண்டையில் நின்றவர்கள். ஆற்றுப்பாலத்தில் ஒரு படை நல்ல சிவப்பு.

இப்போதுதான் டாக்டர் தொலைபேசியில் அழைத்து, ஒரு பக்கத்தைச் சிவப்பாக்கினால் வாங்கிக்கொள்கிறேன் என்றார். "மாத்த முடியாதுங்க, என் பொண்ணு படிச்சுப் பாத்துட்டா" என்று அப்பா வைத்துவிட்டார். சொல்லிவிடலாம் என்று புத்தகத்தோடு எழுந்தேன். அதற்குள் அப்பா பட்டறை விளக்குகளை அணைத்துவிட்டார்.