எலும்புக்குள் விழித்த நோயும் இரண்டாம் பந்தி மச்சானும்

திருத்தங்கல்,
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் பாண்டிமுருகன் அவர்களுக்கு, செல்லச்சாமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு தங்கள் தங்கை மாடத்தி சுகம், மகன் அழகுராஜா சுகம், என்னைத் தவிர எல்லோரும் சுகம். கோவில்பட்டியில் தாங்களும் தங்கச்சியும் சுகமாக இருக்க அய்யனார் துணை நிற்கட்டும். ஒன்பது வருடம் பேசாதவன் ஏன் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் நம் இருவரில் ஒருவர் பாதியில் வைத்துவிடுவோம். கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை தாங்கள் குறுக்கே பேச முடியாது.

போன ஆடியில் எனக்கு முதுகு வலித்தது. தண்ணீர்க் குடம் தூக்கியதால்தான் என்று மாடத்தி சொன்னதை நம்பி, மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி மூன்று மாதம் தின்றேன். வலி போகாமல் மூச்சு வாங்கியது, கால் வீங்கியது, ஒருநாள் சட்டை மாட்டக் கையைத் தூக்கியபோது விலா எலும்பு முறிந்தது. சட்டை போட்டு எலும்பை முறித்துக்கொண்டவன் இந்த வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மதுரையில் ரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்து, இடுப்பெலும்பில் ஊசி குத்தி மஜ்ஜையையும் எடுத்துச் சோதித்துவிட்டு, ‘மல்டிபிள் மைலோமா’ என்றார் டாக்டரம்மா. மஜ்ஜையில் உள்ள ஒருவகை அணு கட்டுக்கடங்காமல் பெருகி எலும்பை அரிக்கிற புற்றுநோயாம். சிலருக்கு அது வருடக்கணக்கில் தூங்குமாம். எனக்கு விழித்துக்கொண்டு சிறுநீரகம் வரை போய்விட்டதாம். நான் தின்ற வலி மாத்திரையும் அதோடு சேர்ந்துகொண்டதாம். அடியோடு ஒழிக்க முடியாது, அடக்கி வைக்கலாம், பல பேர் பல வருடம் நன்றாக இருக்கிறார்கள் என்றார். மாடத்தி அழுதாள். நான் பயப்படவில்லை.

வாரம் ஒருமுறை வயிற்றுத் தோலில் ஊசி, தினம் ஒரு கேப்சூல், மாதம் ஒருமுறை எலும்புக்கு டிரிப், வெள்ளிக்கிழமைதோறும் பத்து ஸ்டீராய்டு மாத்திரை. அந்தப் பத்தும் உள்ளே போனதும் எனக்கு இருபது வயது ஆகிவிடுகிறது. போன வெள்ளி எதிர்வீட்டுச் சங்கிலிமுத்துவிடம் சாக்கடை விஷயமாக ஒரு மணி நேரம் வாதாடிவிட்டு, சனிக்கிழமை அவர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். கனம் தூக்கக் கூடாது என்பதுதான் பெரிய அவமானம். தாயில்பட்டி பட்டாசுக் கம்பெனியில் தீபாவளி சீசனுக்கு நீயும் நானும் லாரி லாரியாக லோடு ஏற்றினோமே மச்சான் (‘நீ’ வந்துவிட்டது, இருக்கட்டும், ‘தாங்கள்’ எழுதிக் கை வலிக்கிறது), அந்தத் தோளுக்கு இப்போது அரைக் குடம் தண்ணீர் ஆகாதாம். வேலை முடிந்து, முகத்தில் அலுமினியத் தூள் வெள்ளியாக மினுங்க, அப்படியே என்னை உன் வீட்டுக்குப் பெண் பார்க்கக் கூட்டிப்போனாயே, ஞாபகம் இருக்கிறதா? கதவுக்குப் பின்னால் மாடத்தி சிரித்த சிரிப்பை ஊசி போடும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். வலி தெரியாது.

நான்கு மாதத்தில் நோய் நன்றாக அடங்கிவிட்டது, அடுத்து மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை என்றார்கள். அந்தச் சொல் வெளியே போனதுதான் தாமதம், நம் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் வந்துவிட்டன. ஒருவரும் போனை எடுக்கவில்லை. போன திங்களன்று ஊசி போடும் நர்ஸ் அழகுமீனா சிரித்துக்கொண்டே, கோவில்பட்டியிலிருந்து பஸ் பிடித்து வந்த ஒருவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். “எங்க மச்சானுக்கு எம்புட்டு வேணுமோ எடுத்துக்கோங்கம்மா, நான் வந்தேன்னு மட்டும் சொல்லிராதீக” என்றாராம். நோயாளியின் சொந்த அணுக்களையே எடுத்து வைத்துத் திரும்ப ஏற்றுவோம், பிறர் தர வேண்டியதில்லை என்று இவள் விளக்கியதும், “அப்ப வந்ததுக்கு ஒரு பாட்டில் ரத்தமாவது எடுங்க” என்று சண்டைக்குப் போனாராம். உண்மையாகவே சர்க்கரை உள்ள ஆள் நீ ஒருவன்தான். நீதான் வந்திருக்கிறாய்.

ஒன்பது வருடத்துக்கு முன் என் மகள் பொன்மணி கல்யாணத்தில் தாய்மாமன் உன்னை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்தது என் தப்பு. இரண்டாம் பந்தியில்தான் பாயசம் கெட்டியாக இருந்தது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தகவலுக்காக மட்டுமே எழுதினேன். ஆறுதல் சொல்ல நீ அலைய வேண்டாம். நான் தைரியமாக இருக்கிறேன், ஒரு குறையும் இல்லை. தங்கச்சிக்கு என் அன்பு, பேரப்பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
செல்லச்சாமி

பி.கு.: சிகிச்சைக்கு மூன்று வாரம் தனி அறையில் அடைத்துவிடுவார்களாம், கூட ஒரே ஒரு ஆள்தான் இருக்கலாமாம். மாடத்தி என் முன்னால் அழக் கூடாதென்று வெளியே போய் வெளியே போய் அழுகிறாள். அதை என்னால் பார்க்க முடியாது. தைரியம் என்று எழுதியதெல்லாம் பொய் மச்சான், எனக்குப் பயமாக இருக்கிறது. பன்னிரண்டாம் தேதி காலை மதுரை ஆஸ்பத்திரிக்கு வந்துவிடு. சண்டை போடுவதாக இருந்தாலும் வா, மூன்று வாரம் இருக்கிறது.