எங்கள் சதுப்புக்கு மாநிலமே போட்ட ஓட்டு

டல்வுட் மாவட்டம், அலபாமா
8 நவம்பர் 1956

மரியாதைக்குரிய மச்சான் ராய்ஸ் அவர்களுக்கு,

தங்கள் தங்கை கணவன் ஹார்மன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம், கொசுக்கள் என்னைவிட நலம். தங்கள் நலமும், மே மாதத்திலிருந்து தங்கள் வீட்டிலேயே இருக்கும் என் மனைவி ஒடெஸாவின் நலமும் அறிய ஆவல்.

எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் சதுப்பை வடிக்க ஒரு வாய்க்கால் வெட்ட வேண்டும், அவ்வளவுதான். அதற்கு மாவட்டத்துக்கு அதிகாரம் இல்லையாம், மாநில அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டுமாம், மாநிலம் முழுக்க ஓட்டுப் போட வேண்டுமாம். கொசு கடிப்பது என்னை, சம்மதம் கேட்பது முந்நூறு மைல் தள்ளி மீன் பிடிக்கிறவனை. "வாய்க்கால் வெட்டினாத்தான் வருவேன், அதுவரைக்கும் கொசுவோட நீயே குடித்தனம் பண்ணு" என்று சொல்லிவிட்டுத்தான் ஒடெஸா பெட்டியைக் கட்டினாள். ஆறு மாதமாக நானே மக்காச்சோள ரொட்டி சுடுகிறேன், நாய்கூட முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறது. சொந்த ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று அதை மட்டும் விட்டுவிட்டு, மற்ற ஊரெல்லாம் அலைந்து, தேவாலயம் தேவாலயமாகக் கெஞ்சினேன். கடைசியில் எங்கள் திருத்தம் இருபதே ஓட்டு வித்தியாசத்தில் தோற்றுவிட்டது. உங்கள் மொபீல் ஊர்க்காரர்களை எனக்குத் தெரியாதா? ஓட்டுத் தாளில் பதினைந்து திருத்தம் இருந்தால் ஒன்றைக்கூடப் படிக்காமல் மேலிருந்து கீழ்வரை 'வேண்டாம்' என்று குறி போட்டுவிட்டு இறால் தின்னப் போகிற கூட்டம். நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள். கூடப்பிறந்தவள் குடும்பம் என்றுகூட நினைக்கவில்லையே, மச்சான். எனக்கு மனசு விட்டுப்போயிற்று.

ஒடெஸாவுக்கு என் அன்பு. கர்த்தர் தங்கள் வீட்டாரை ஆசீர்வதித்து, அடுத்த தேர்தலிலாவது தங்கள் கண்ணைத் திறக்கட்டும்.

இப்படிக்கு,
ஹார்மன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் தீவனக் கடைக்குப் போனேன். கடைக்காரர் வெர்னன் செய்தித்தாளைக் காட்டினார். உங்கள் மொபீலில் பெரும்பாலும் 'சரி'. எங்கள் ஊர்ப் பெட்டியில் பதினெட்டு ஓட்டு, பதினெட்டும் 'வேண்டாம்'. அவை மாறி விழுந்திருந்தால் ஜெயித்திருப்போம்.

"எவன்யா இப்படிப் பண்ணது?" என்றேன்.

"எல்லாரும்தான். எந்தத் திருத்தத்தை எவன் படிச்சான்? முப்பது வருஷமா எல்லாத்துக்கும் வேண்டாம்னுதானே போடுறோம். ஆமா, நீ எப்படிப் போட்ட?"

நான் ஒரு மண்வெட்டி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மச்சான், அந்தப் பதினெட்டில் ஒன்று என்னுடையது. பேனாவை எடுத்ததும் பழகிய கை மேலிருந்து கீழே போய்விட்டது. ஒடெஸாவிடம் அதைச் சொல்ல வேண்டாம். வாய்க்காலை நானே வெட்டத் தொடங்கிவிட்டேன் என்று மட்டும் சொல்லுங்கள். மாநிலத்திடமும் சொல்ல வேண்டாம்.