மஞ்சள் பூசிய வாக்குச்சீட்டு

தேர்தலில் தோற்றவர்கள் எல்லோரும் கைவசம் ஒரு காரணம் வைத்திருப்பார்கள். பிரசாரம் போதவில்லை, அன்றைக்கென்று மழை பெய்தது, கட்சிக்குள்ளேயே குழிபறித்தார்கள். என்னிடமும் ஒன்று இருக்கிறது: ஒரு தேக்கரண்டி மஞ்சள் தூள். (இன்னொரு காரணம் என் வாய். அதைப் பிறகு சொல்கிறேன்.)

ஒஸ்லோவில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு சபை உண்டு. சில வருடங்களுக்கு முன்பு, எங்கள் ஹொல்ம்லியாப் பக்கத்துச் சபைத் தேர்தலுக்காக ஒரு சின்னக் கட்சியிலிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. "பட்டியலை நிரப்ப ஒரு பெயர் வேண்டும். பதினேழாவது இடம். நீங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை" என்றார் அந்தப் பெண்மணி. நோர்வேக்காரர் அப்படிச் சொன்னால் உண்மையிலேயே ஒன்றும் செய்யத் தேவையில்லை என்றுதான் அர்த்தம். எனக்கோ மக்கள் அழைப்பது போலிருந்தது.

நியாயமான காரணமும் இருந்தது. முந்தைய மாரியில் ரயில் நிலையத்துக்கு இறங்கும் படிக்கட்டில் அம்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அந்தப் படிக்கு ஒரு கைப்பிடி இல்லை, உறைபனியில் வழுக்காமல் மண் தூவ ஆளில்லை. சபைக்குள் போய் மேசையில் தட்டிக் கேட்பேன் என்று சபதம் எடுத்தேன். ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பார்க்கலாம் என்று என் கணவர் சுதன் சொன்னார். வேட்பாளரோடு கதைக்கும் கதையா அது?

பதினேழாம் இடத்திலிருந்து மேலே வரவும் ஒரு வழி இருந்தது. வாக்காளர்கள் பட்டியலில் என் பெயருக்கு முன்னால் உள்ள பெட்டியில் புள்ளடி போட்டால் நான் மேலே வருவேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் போட்டால் வெற்றி என் மடியில். லில்லெஸ்ட்ரோமில் மருந்துக்கடை வேலை முடித்து வந்ததும் வீடு வீடாகப் புறப்பட்டேன். போகிற இடமெல்லாம் வகுப்பும் எடுத்தேன். "பயப்பிடாதேங்கோ. ஆருக்குப் போட்டனீங்கள் எண்டு ஒருத்தரும் கேக்கேலாது. புருசன் கேட்டாலும் சொல்லத் தேவையில்லை. பிள்ளை கேட்டாலும் சொல்லத் தேவையில்லை. அது ரகசியம்!" அம்மா எந்நேரமும் முன்வரிசையில் இருந்து தலையாட்டுவார்.

அம்மா எங்களுக்கு இரண்டு மாடி கீழே தனியாக இருக்கிறார். அதுவரை வேலையால் வந்ததும் அவரிடம் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் மேலே போவேன். பிரசாரம் நடந்த ஆறு கிழமையும் அதற்கு நேரமில்லை. ஒருநாள் படியில் மறித்துக் கேட்டார்.

"நேற்றும் வடை சுட்டு வச்சனான். நீ வரேல்லை."

"தேர்தல் எல்லே அம்மா."

"வெண்டாப் பிறகும் இப்பிடித்தானோ?"

"வெண்டா இன்னும் வேலை கூடும். கிழமையிலை பாதி நாள் கூட்டம்தான்" என்றேன் பெருமையாக. (வாய் என்று சொன்னேனே, இதுதான்.)

தேர்தலுக்கு முந்தைய கிழமை, பகிர்ந்து கொடுக்கச் சொல்லிக் கட்சி ஒரு கட்டு வாக்குச்சீட்டுத் தந்தது. இங்கே ஒவ்வொரு கட்சிக்கும் தனித்தனிச் சீட்டு; வாக்குச்சாவடியில் எல்லாக் கட்சியின் சீட்டும் இருக்கும், விரும்பினால் முன்பே வீட்டில் வாங்கி வைத்து எடுத்துவரலாம். அதை அம்மாவின் சாமியறையில் வைத்துவிட்டு மேலே எங்கள் வீட்டுக்குக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் நாற்பத்து மூன்று சீட்டுக்கும் நாலு மூலையிலும் மஞ்சள். கலியாணக் கார்ட்டுக்குப் பூசுவதுபோல, அளவெடுத்தாற்போல். தன்னுடைய சீட்டுக்கு மட்டும் மேலே பிள்ளையார் சுழியும் போட்டிருந்தார்.

"நல்ல காரியத்துக்கு வெறுங்கடுதாசி குடுக்கிறதோ, பிள்ளை?"

புத்தியுள்ள வேட்பாளர் அந்த இடத்திலேயே கட்டைக் குப்பையில் போட்டிருப்பாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சீட்டுகளோடு நான் போனது வாக்குக் கேட்க அல்ல, கலியாணம் சொல்ல. எல்லோரும் இரண்டு கையாலும் வாங்கினார்கள். "கட்டாயம்" என்றார்கள். கலியாணம் சொல்லப் போனால் முகத்துக்கு நேரே வரமாட்டோம் என்று எங்கள் சனம் என்றைக்காவது சொன்னதுண்டா? இது எனக்கு அப்போது தோன்றவில்லை.

தேர்தல் நாளன்று பாடசாலை வாசலுக்கு வெளியே, சட்டம் சொன்ன தூரத்தில், தேத்தண்ணித் தெர்மோஸ் போத்தலோடு நின்றேன். எங்கள் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். செல்வம் மாமா சீட்டுவைத்த சட்டைப்பையைத் தட்டிக் காட்டிவிட்டு உள்ளே போனார். அம்மா பட்டுச்சேலையில் வந்து என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். நான் மனதுக்குள் நன்றியுரையைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் என் வாக்கைப் போட உள்ளே போனேன். முத்திரை குத்தும் மேசையில் ஒரு நெட்டையான அலுவலர் நீலக் கையுறை போட்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"மன்னிக்க வேண்டும், உங்களால் உதவ முடியுமா? வாக்களிக்கும் மறைப்புகளுக்குள் மக்கள் விட்டுப்போன சீட்டுகளில் ஒரு மஞ்சள் பொடி இருக்கிறது. ஆபத்தானதா?"

அவர் தூக்கிக் காட்டிய பிளாஸ்டிக் பையில் என் பிரசாரம் முழுவதும் இருந்தது. எனக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. "இல்லை. சமையலுக்குப் போடுவது" என்றேன்.

"எல்லாம் ஒரே கட்சியின் பட்டியல்" என்றார் அவர் குழப்பத்தோடு. "கொண்டுவந்தவர்கள் அழகாக மடித்து வைத்துவிட்டு வேறு சீட்டு எடுத்திருக்கிறார்கள். இதில் ஏதோ எழுத்தும் இருக்கிறது. இரகசியக் குறியா?"

அது பிள்ளையார் சுழி.

என் சீட்டில் முத்திரை குத்தியதோ, பெட்டியில் போட்டதோ எனக்கு நினைவில்லை. பிளாஸ்டிக்குக்கு மேலால் எண்ணியது மட்டும் நினைவிருக்கிறது. முப்பத்தொன்று.

செல்வம் மாமாவிடம் கேட்டேன். "மஞ்சள் பூசினதைப் போட்டா எங்கட ஆக்கள் எண்டு தெரிஞ்சிடுமெல்லோ, பிள்ளை. அதுதான் உங்கட கட்சியின்ரை புதுச்சீட்டு எடுத்துப் போட்டனான்" என்றார். நல்ல பதில். கேட்ட எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் அதையே சொன்னார்கள். முடிவு வந்தபோது என் பெயருக்கு விழுந்த புள்ளடி பதினான்கு. அதில் ஒன்று என்னுடையது, ஒன்று சுதனுடையது. (அப்படித்தான் அவர் சொல்கிறார்.)

அன்று ஆறு கிழமைக்குப் பிறகு அம்மா வீட்டுக் கதிரையில் போய் இருந்தேன். அவர் தேத்தண்ணியும் வடையும் கொண்டுவந்து வைத்தார்.

"உங்கட சீட்டைப் பாத்தனான் அம்மா."

அம்மா வடைத் தட்டை என் பக்கம் தள்ளிவைத்தார். பிறகு, "நீ வெல்லோணும் எண்டுதான் மஞ்சள் பூசினனான்" என்றார். "உள்ளுக்கை போய்ப் பேனையைப் பிடிச்ச பிறகுதான் யோசிச்சனான். படிக்கட்டிலை விழுந்தா கைதான் முறியும். நீ பின்னேரத்திலை வராட்டி நான் ஆரோடை கதைக்கிறது?"

நான் அழுதேன். வடையையும் விடவில்லை. பிறகுதான் எனக்குள்ளிருந்த வேட்பாளர் விழித்துக்கொண்டாள். "அப்ப ஆருக்குப் போட்டனீங்கள்?"

அம்மா முந்தானையால் என் கன்னத்தைத் துடைத்துவிட்டார். "அது ரகசியம். பிள்ளை கேட்டாலும் சொல்லத் தேவையில்லை எண்டு நீதானே சொல்லித் தந்தனீ?"

சுதன் சொன்ன மின்னஞ்சலைப் பிறகு அனுப்பினேன். ஐந்து வரி. அடுத்த மாரிக்கு முன்பே படிக்கட்டுக்குக் கைப்பிடி வந்துவிட்டது, ஒரு மண்பெட்டியும் வந்தது. வருகிற விருந்தாளிகளையெல்லாம் அம்மா அங்கே கூட்டிக்கொண்டு போவார். "என்ரை மகள் தோத்துப்போய்க் கட்டினது" என்று கைப்பிடியைத் தட்டிக் காட்டுவார். எங்கள் சனத்துக்குள் கலியாணக் கார்ட் கொடுப்பவர்களும், "இதையாவது மடிச்சு வச்சிட்டுப் போயிடாதேங்கோ" என்று என்னைப் பார்த்துக்கொண்டுதான் கொடுக்கிறார்கள்.

எங்கள் வீட்டிலோ கடைசி வடையை எடுத்தது யார் என்று கேட்டால் ஒருவரும் பதில் சொல்வதில்லை. என் பத்து வயது மகள்கூட வாயைத் துடைத்துக்கொண்டு, "அது ரகசியம், அம்மா" என்கிறாள். அம்மம்மாவும் பேத்தியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். அம்மா யாருக்குப் போட்டார் என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது.