சொந்த அணியை மறித்த தலைவி

ஏழு வருடம் நாட்டின் ஹொக்கி அணிக்குத் தலைவியாக இருந்தேன். அந்தப் பெருமையைப் பேசத் தொடங்கினால், என் வீட்டில் யாராவது முதல் மட்ச்சை நினைவுபடுத்துவார்கள். நானே சொல்லிவிடுகிறேன்.

முள்ளியவளைக்காரி ஒருத்தி தலைவியானதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. (கோப்பை வாங்குவது எப்படி என்று கண்ணாடிக்கு முன்னால் சருவக்குடத்தைத் தூக்கிப் பழகினேன்.) அணியில் எல்லோரும் சிரித்தார்கள்; எங்கள் பயிற்றுநர் மட்டும் சிரிக்கவில்லை.

"இந்த மட்ச்சுக்கு மட்டுந்தான் நீர் கப்டன். வெண்டால் பிறகு பாப்பம்."

வெளிநாட்டு மைதானம். சமநிலை, இரண்டு நிமிடந்தான் மிச்சம். பந்து பக்கக் கோட்டை நோக்கி மெல்ல உருண்டது. கோட்டுக்கு அப்பால் ஏதோ திருத்த வேலைக்காகக் கம்பு நட்டு, சிவப்பு வெள்ளை நாடா கட்டியிருந்தார்கள். எங்கள் நிலூ பந்தை மறிக்கப் பாய்ந்தாள்.

நான் மட்டையை எறிந்துவிட்டு ஓடிப்போய் அவளுடைய சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்தேன்.

"போகாதை! அங்கால போகாதை! வந்த காலடியிலயே பின்னுக்கு வா!"

நிலூ சிங்களப் பிள்ளை, தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. என் முகத்தைப் பார்த்தே விறைத்துப்போனாள். எதிரணிக்காரி அவசரமில்லாமல் ஆறுதலாக வந்து பந்தை எடுத்துப் போய்க் கோல் போட்டாள். எதிரியை மறித்தால் தண்டனை உண்டு. சொந்த ஆளை மறித்தால் என்ன செய்வதென்று நடுவருக்கே தெரியவில்லை.

"என்ன பிள்ளை செய்தனீர்?" என்றார் பயிற்றுநர்.

"நாடாவைக் கண்டதும் மிதிவெடி எண்டு நினைச்சிட்டன், சேர்."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். பறிபோன தலைமை திரும்பிவர இரண்டு வருடம் எடுத்தது.

இந்தக் கதையை ஊரில் அதிகம் சொல்பவன் என் அண்ணன். கலியாண வீடு, செத்த வீடு பாராமல், நான் கத்தியதுபோலவே கத்திக் காட்டுவான். சண்டை முடிந்து நாங்கள் ஊரில் மீளக் குடியேறிய வருடம், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நான் அடித்த பந்து அப்படியொரு நாடாவைத் தாண்டிப் போனது. என்னிடம் இருந்தது அந்த ஒரு பந்துதான். அழுதேன். அவன் எடுக்கப் போனான்.

கதை முடிந்ததும், அண்ணன் பொய்க்காலைக் கழற்றிக் கதிரையில் சாத்திவிட்டு வந்தவர்களிடம் சொல்லுவான்:

"ஆரோ பெத்த பிள்ளையை இழுத்துப் பிடிச்சவள், என்னை மட்டும் போய் எடுத்துவா எண்டவள், பாருங்கோ!"

எல்லோரும் சிரிப்பார்கள். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதால் நானும் சிரிப்பேன்.