சொந்த பலத்தில் ஓடும் வண்டி

மனித நாகரிகம் இரண்டே தூண்களின் மேல் நிற்கிறது. ஒன்று சக்கரம். மற்றது, தொன்மை வாகனப் பாதுகாப்பு மன்றம். இரண்டையும் கட்டிக் காத்தவர் மன்றத்தின் செயலாளர்.

அவரிடம் அறுபது வயதான வெளிர்பச்சைக் கார் ஒன்று இருந்தது. அதற்கு ‘மகாராணி’ என்று பெயர் வைத்திருந்தார். அவருடைய மனைவிக்கும் ஒரு பெயர் உண்டு. ஆனால் அவர் ‘இந்தாம்மா’ என்றுதான் கூப்பிடுவார்.

மன்றத்தின் ஏழாம் விதி கண்டிப்பானது. கிராமத்துச் சாலையில் கார் ‘சொந்த பலத்தில்’ ஓடும் படத்தை ஆண்டுதோறும் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் கார் ‘காட்சிப் பொருள்’ ஆகிவிடும்; செயலாளர் ‘முன்னாள்’ ஆகிவிடுவார்.

கடைசித் தேதி அவர்களுடைய இருபத்தைந்தாவது கல்யாண நாளில் வந்து விழுந்தது.

“நீயும் வா. வண்டியைப் படம் எடுத்து முடிச்சதும் நாம ரெண்டு பேரும் ஒண்ணா ஒரு போட்டோ எடுத்துக்கலாம்” என்றார், பெரிய மனது பண்ணி.

அவள் பூரித்துப் போனாள். கூடத்துச் சுவர் முழுக்க மகாராணிதான். தம்பதியாக ஒரே ஒரு படம், கல்யாணத்தன்று எடுத்தது. அதிலும் அவள் கண்ணை மூடியிருந்தாள். இந்த முறை கண்ணைத் திறந்தே வைத்திருப்பதென்று முடிவுகட்டி, புது நீல உடை உடுத்திக் கிளம்பினாள்.

ஊரைத் தாண்டி நாலு வயல் போனதும் மகாராணி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

“நின்னுடுச்சாங்க?”

“நிக்கல. ஓய்வெடுக்குது.”

இழுவை லாரிக்குப் போன் செய்துவிட்டு, செயலாளர் ஆழ்ந்து சிந்தித்தார்.

“ஓடுற வண்டின்னா பின்னாடி தூசி பறக்கணும். இந்தாம்மா, நீ டிக்கிக்குப் பின்னால குனிஞ்சு உக்காந்துக்கோ. நான் ஹாரன் அடிச்சதும் மண்ணை அள்ளி வீசு.”

“ஹாரன் அடிக்குமா?”

இந்த எதிர்க்கட்சிக் கேள்வியை அவர் பொருட்படுத்தவில்லை. முக்காலியில் காமிராவை நிறுத்தி, தானே எடுத்துக்கொள்ளும்படி முடுக்கிவிட்டு ஓடிவந்தார். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, ஜன்னலுக்கு வெளியே ஒரு முழங்கை. இல்லாத காற்றுக்குக் கண்ணைச் சுருக்கினார். ஒவ்வொரு படத்தையும் காமிராவில் போய்ப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

“தலை தெரியுது, உள்ள இழு! இதென்ன, மாட்டு வண்டி போற மாதிரி இருக்கு? வேகமா வீசும்மா!”

வீசினாள். கடைசியில் மகாராணி புயலாய்ப் பறக்கும் படம் ஒன்று அமைந்தது. அவள் தலைமுடி, இமை, நீல உடை எல்லாம் ஒரே மண் நிறமாக எழுந்து வந்தாள்.

“இப்ப நம்ம போட்டோங்க?”

அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“இந்தக் கோலத்துலயா? வண்டி பளபளன்னு நிக்குது, பக்கத்துல நல்லாவா இருக்கும்? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

பிறகு மென்மையான துணியை எடுத்து, பின்பக்கம் படிந்த தூசியைத் துடைத்தார். மகாராணிக்குத்தான். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணில் மண் விழுந்திருந்ததால் அது தனியாகத் தெரியவில்லை.

ஆண்டுக் கூட்டத்தில் அந்தப் படம் சுவரளவு பெரிதாகி நின்றது. “யார் தயவும் இல்லாமல், முழுக்க முழுக்கச் சொந்த பலத்தில்…” என்று செயலாளர் முழங்கினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

தலைவர் முன்வரிசையில் இருந்த அவளைப் பார்த்து அன்பாகக் கேட்டார்: “கல்யாண நாள் பயணமாமே! படத்துல உங்களைக் காணோமேம்மா?”

அவள் எழுந்து சுவரருகே போனாள். பின்சக்கரத்துக்குப் பின்னால் விரலை வைத்தாள்.

“இருக்கேனே, ஐயா. இந்தத் தூசி நான்தான்.”